படம் வருது, பட்டை வரல: எக்செல் சார்ட் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, படம் வருது, பட்டை வரல. என்னன்னு பாரு" என்றார். திறந்து பார்த்தேன். தலைப்பு இருந்தது, கீழே மாதப் பெயர்கள் இருந்தன, இடப்பக்க அச்சில் 0, 0.2, 0.4 என்று 1 வரை எண்களும் இருந்தன. நடுவில் வெறும் வெள்ளை. வருமானம் என்ற நெடுவரிசையில் அவர் தட்டியிருந்தது 4500/-, 6200/-, 5150/-. பில் புத்தகத்தில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. நமக்கு அது பணம். எக்செலுக்கு அந்தக் கோடும் சிறுகோடும் சேர்ந்த மாத்திரத்தில் அது எழுத்து. எழுத்தை எவ்வளவு உயரத்துக்கு வரைவது? பூஜ்யம் என்று வைத்துவிட்டது.

சார்ட் தகராறு என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். படத்தைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு கீழே ஷீட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் செல்களைப் பாருங்கள், பிறகு சார்ட்டைத் தொடுங்கள். இங்கே நான் சொல்லும் மெனுப் பெயர்கள் எக்செல் 2013-லிருந்து பெரும்பாலும் மாறவில்லை. லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வித்தியாசப்படும் இடங்களை மட்டும் தனியே சொல்கிறேன்.

பட்டையே இல்லை, அல்லது சில பட்டைகள் மட்டும் காணோம்

பத்து விநாடிச் சோதனை ஒன்று உண்டு. சந்தேகப்படும் எண்களை மட்டும் மவுஸால் தேர்வுசெய்து, திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். ஆவரேஜ், கவுண்ட், சம் மூன்றும் தெரிந்தால் அவை எண்கள். கவுண்ட் மட்டும் தெரிந்தால் அத்தனையும் எழுத்து. மூன்றும் தெரிகிறது, ஆனால் கூட்டுத்தொகை குறைகிறது என்றால் நடுவில் சில செல்கள் மட்டும் எழுத்தாகியிருக்கின்றன. அலைன்மென்ட்டை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் கண்ணாலேயே தெரியும்: எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். கால்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கன்ட்ரோல் + எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் ஃபார்முலாக்கள் பச்சையாகவும் மாறிவிடும். எக்செலில் இப்படி ஒன்று இல்லையே என்று எனக்கு ரொம்ப நாள் ஏக்கம்.

எழுத்தானதற்குக் காரணம் என்ன என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

செல்லின் இடப்பக்க மேல்மூலையில் குட்டிப் பச்சை முக்கோணம் இருந்தால், எண் போலவே இருக்கும் எழுத்து என்று எக்செலே சந்தேகப்பட்டுவிட்டது. எல்லாவற்றையும் தேர்வுசெய்து, பக்கத்தில் வரும் மஞ்சள் ஆச்சரியக்குறியில் கன்வர்ட் டு நம்பர் கொடுங்கள். நீளமான பட்டியலில் இது நேரம் எடுக்கும். அப்போது ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்வுசெய்து, டேட்டா டேபில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், எதையும் மாற்றாமல் நேராக ஃபினிஷ் அழுத்தினால் போதும்.

அக்கா போட்ட மாதிரி "/-", "ரூ.", "கிலோ" எல்லாம் ஒட்டியிருந்தால் பச்சை முக்கோணமே வராது. கன்ட்ரோல் + ஹெச் திறந்து, ஒட்டியிருப்பதை ஃபைண்டில் கொடுத்து, ரீப்ளேஸைக் காலியாக விட்டு, ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். மிஞ்சுவது தானாகவே எண்ணாகிவிடும். அப்படியும் இடப்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செல்களின் ஃபார்மட் டெக்ஸ்ட் என்று இருக்கிறது. ஜெனரல் என்று மாற்றிவிட்டு மேலே சொன்ன ஃபினிஷ் வேலையைச் செய்யுங்கள். "கிலோ" கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கன்ட்ரோல் + 1 அழுத்தி, கஸ்டம் என்பதில் பூஜ்யம் போட்டு, அதன் பின்னால் மேற்கோள்குறிக்குள் கிலோ என்று எழுதுங்கள். செல்லில் இருப்பது 45, தெரிவது 45 கிலோ.

இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நகலெடுத்த எண்கள்தான் பெரிய தொல்லை. பார்த்தால் சுத்தமாக இருக்கும், டிரிம் ஃபங்ஷன் போட்டாலும் மாறாது. எண்ணுக்குப் பின்னால் இருப்பது சாதாரண இடைவெளி அல்ல, உடையா இடைவெளி என்று தனியாக ஒரு எழுத்துக்குறி. டிரிம் அதைத் தொடாது. ஒரு செல்லுக்குள் எஃப்2 அழுத்தி நுழைந்து, கடைசியில் இருக்கும் அந்த வெற்றிடத்தை மட்டும் தேர்வுசெய்து நகலெடுங்கள். அதையே கன்ட்ரோல் + ஹெச்சின் ஃபைண்ட் பெட்டியில் ஒட்டி, ரீப்ளேஸ் ஆல். வேலை முடிந்தது.

பக்கத்தில் ஒழுங்கான எண் நெடுவரிசை ஒன்றும் இருந்தால் அறிகுறி வேறு வேஷத்தில் வரும். எழுத்தாகிப்போன நெடுவரிசை பட்டையாக வராமல், கீழ் அச்சில் மாதப் பெயருக்குப் பக்கத்தில் லேபிளாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நோய் ஒன்றுதான்.

ஆண்டுகள் பட்டையாக எழுந்து நிற்கின்றன

இதைச் செய்து பார்த்தே கற்றுக்கொள்ளுங்கள். ஏ1-இல் ஆண்டு, பி1-இல் மக்கள்தொகை கோடியில் என்று தலைப்பு. கீழே தமிழ்நாட்டின் கணக்கெடுப்பு எண்கள்: 1951-க்கு 3.01, 1961-க்கு 3.37, 1971-க்கு 4.12, 1981-க்கு 4.84, 1991-க்கு 5.59, 2001-க்கு 6.24, 2011-க்கு 7.21. எல்லாவற்றையும் தேர்வுசெய்து இன்சர்ட்டில் காலம் சார்ட் கொடுங்கள். ஏழு ராட்சதப் பட்டைகள் ஒரே உயரத்தில் 2000-ஐ ஒட்டி நிற்கும். அவற்றின் காலடியில் மக்கள்தொகை எறும்பு மாதிரி கிடக்கும். கீழ் அச்சில் ஆண்டுகளுக்குப் பதில் 1, 2, 3 என்று 7 வரை ஓடும். 1951-ம் எண், 3.01-ம் எண், ஒன்று காலம், ஒன்று ஜனம் என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்?

கோடியில் போடாமல் 7,21,47,030 என்று முழு எண்ணாகத் தட்டியிருந்தால் கதை தலைகீழ். ஆண்டுப் பட்டைகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறுத்துவிடும். படம் சரியாக வந்ததுபோல இருக்கும். கீழ் அச்சில் ஓடும் 1, 2, 3 மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

சார்ட்டின் மேல் வலது கிளிக் செய்து செலக்ட் டேட்டா போங்கள். இடப்பக்கப் பட்டியலில் ஆண்டு என்ற சீரிஸைத் தேர்வுசெய்து ரிமூவ். வலப்பக்கம் எடிட் அழுத்தி, ஏ2 முதல் ஏ8 வரை மவுஸால் காட்டி, ஓகே. இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு குறுக்குவழி: சார்ட் போடுவதற்கு முன் ஏ1-இல் உள்ள "ஆண்டு" என்ற தலைப்பை அழித்துவிடுங்கள். மூலைச் செல் காலியாக இருந்தால் முதல் நெடுவரிசையை லேபிள் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். சார்ட் வந்தபின் தலைப்பைத் திரும்பத் தட்டிக்கொள்ளலாம். கால்க்கில் சார்ட் விசார்டிலேயே முதல் நெடுவரிசையை லேபிளாக எடுக்கட்டுமா என்று கேட்கும், டிக் செய்தால் போதும்.

மாதங்கள் கலர் கலராக வருகின்றன, பொருட்கள் கீழே போய்விட்டன

செலக்ட் டேட்டாவுக்குள்ளேயே இருக்கும் ஸ்விட்ச் ரோ/காலம். ஒரே கிளிக். நெடுவரிசை, கிடைவரிசை இரண்டில் எது எண்ணிக்கையில் அதிகமோ அதை எக்செல் கீழ் அச்சுக்கு அனுப்பிவிடும். நீங்கள் நினைத்தது அதுவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு பட்டை மட்டும் வானத்தைத் தொடுகிறது

கடைசியில் இருக்கும் மொத்தம் வரிசையையும் சேர்த்து இழுத்துவிட்டீர்கள். சார்ட்டைக் கிளிக் செய்தால் ஷீட்டில் எண்களைச் சுற்றி நீலக்கட்டம் வரும். அதன் மூலையைப் பிடித்து ஒரு வரிசை மேலே தள்ளுங்கள். பை சார்ட்டில் இதே தவறு நடந்தால் மொத்தம் மட்டும் சரியாகப் பாதி வட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பாதி வட்டம் ஒரே நிறத்தில் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

புதிதாகச் சேர்த்த வரிசை படத்தில் வரவில்லை

அதே நீலக்கட்டத்தைக் கீழே இழுக்கலாம். மாதாமாதம் இழுக்க அலுப்பாக இருந்தால், எண்களுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல் + டி அழுத்தி டேபிளாக மாற்றிவிடுங்கள். அதன்பின் அடியில் புது வரிசை தட்டினால் சார்ட்டும் தானே நீளும். வரிசைகளை மறைத்ததும் பட்டை காணாமல் போனால் பதற வேண்டாம், அது எக்செலின் வழக்கம். செலக்ட் டேட்டாவில் ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் என்ற பட்டனுக்குள் மறைந்த வரிசைகளையும் காட்டு என்ற டிக் இருக்கிறது.

தேதி தாறுமாறாகப் போகிறது

கீழ் அச்சில் 45292, 45293 என்று ஏதோ எண்கள் வந்தால் அது கெட்டுப்போகவில்லை. எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கும்: 1900 ஜனவரி 1 என்பது 1, 2024 ஜனவரி 1 என்பது 45292. அச்சை வலது கிளிக் செய்து ஃபார்மட் ஆக்சிஸ், அதில் நம்பர், அதில் டேட் என்று மாற்றினால் ஆயிற்று.

உண்மையான ஆபத்து வேறு. வங்கிக் கணக்கு விவரத்தைச் சிஎஸ்வி ஃபைலாக இறக்கித் திறக்கிறீர்கள். அதில் 05/02/2024, 13/02/2024 என்று இருக்கிறது. உங்கள் விண்டோஸின் ரீஜியன் அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் எக்செல் மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். பிப்ரவரி 5 சத்தமில்லாமல் மே 2 ஆகிவிடும். 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் பிப்ரவரி 13 மட்டும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கம், சில வலப்பக்கம் ஒட்டியிருந்தால் நடந்தது இதுதான். இடப்பக்கம் ஒட்டியதை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வலப்பக்கம் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவைதான் தப்பானவை. ஃபைலைச் சேமிக்காமல் மூடி, விண்டோஸ் ரீஜியனை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி, மறுபடி திறங்கள். ஷீட்ஸ் என்றால் ஃபைல், செட்டிங்ஸ், லொக்கேல் என்பதில் இந்தியா என்று வைத்துவிட்டு, அதன்பின் இம்போர்ட் செய்யுங்கள்.

ஞாயிறு விடுமுறைக்கெல்லாம் பட்டைகளுக்கு நடுவே ஓட்டை விழுந்தால், ஃபார்மட் ஆக்சிஸில் டேட் ஆக்சிஸை டெக்ஸ்ட் ஆக்சிஸ் என்று மாற்றுங்கள். கடை திறந்த நாட்கள் மட்டும் வரிசையாக வரும்.

கோடு திடீரென்று பூஜ்யத்தில் விழுந்து எழுகிறது

காலியாகத் தெரியும் செல்லில் ஃபார்முலா இருக்கும், அது வெற்று மேற்கோள்குறியைத் திருப்பித் தரும். அதுவும் எழுத்துதான், ஆகவே பூஜ்யம். அந்த இடத்தில் என்ஏ ஃபங்ஷனைத் திருப்பித் தரச் செய்தால் கோடு விழாது. செல் நிஜமாகவே காலி என்றால், முன்பு சொன்ன ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸில் இடைவெளி விடுவதா, பூஜ்யமா, அக்கம்பக்கப் புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதா என்று நீங்களே சொல்லலாம். என் கட்சி இடைவெளி. அளக்காத நாளை அளந்த மாதிரி இணைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டு கோட்டில் ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது

சென்னையின் மாத மழையளவையும் வெப்பநிலையையும் ஒரே படத்தில் போட்டால் இது வரும். நவம்பர் மழை 350 மில்லிமீட்டரைத் தாண்டும். மாதச் சராசரி அதிகபட்ச வெப்பநிலையோ 28-க்கும் 38-க்கும் நடுவில். வெப்பநிலைக் கோட்டில் வலது கிளிக், சேஞ்ச் சீரிஸ் சார்ட் டைப், காம்போ. மழைக்குப் பட்டை, வெப்பநிலைக்குக் கோடு, கோட்டுக்கு எதிரே செகண்டரி ஆக்சிஸ் டிக். இரண்டு அச்சுக்கும் தலைப்பு எழுதாமல் விட்டால், கோடும் பட்டையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏதோ அர்த்தம் இருப்பதாகப் பார்ப்பவர் கற்பனை செய்வார். அர்த்தம் எதுவும் இல்லை. அச்சின் அளவை மாற்றினால் வெட்டும் இடமும் நகரும்.

தமிழ் எழுத்து கிறுக்கலாக வருகிறது

செல்லில் அழகாகத் தமிழ், சார்ட்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மேலே தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது. சார்ட் தன் சொந்த எழுத்துருவில் வரும்போது சட்டை கழன்றுவிடும். அவசரத்துக்கு, சார்ட்டின் விளிம்பைக் கிளிக் செய்து ஹோம் டேபில் அதே எழுத்துருவைக் கொடுக்கலாம். ஆனால் படத்தில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் இப்போது அது குப்பையாகும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நிம்மதி. நிர்மலா யூஐ என்ற யூனிகோடு எழுத்துரு விண்டோஸோடே வருகிறது.

38 மாவட்டங்களையும் காலம் சார்ட்டில் போட்டால் திருவண்ணாமலையும் கள்ளக்குறிச்சியும் சாய்ந்து நிற்கும், ஒன்றுவிட்டு ஒன்று பெயர் காணாமலும் போகும். படுக்கைவாட்டு பார் சார்ட்டுக்கு மாறுங்கள். பட்டியலின் முதல் பெயர் அடியில் வருவது பிழை அல்ல. அச்சை வலது கிளிக் செய்து கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர் டிக் செய்தால் மேலே வந்துவிடும். அப்படியும் பெயர்கள் விடுபட்டால் அதே பேனலில் லேபிள்ஸ் என்பதற்குள் இன்டர்வல் யூனிட்டை 1 ஆக்குங்கள். 38 மாவட்டங்களைப் பை சார்ட்டில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போடலாம், யாரும் படிக்க மாட்டார்கள்.

அச்சில் ஆறேழு பூஜ்யங்கள் வழிகின்றன

ஃபார்மட் ஆக்சிஸில் டிஸ்ப்ளே யூனிட்ஸ் என்று ஒன்று உண்டு. தவுசண்ட்ஸ், மில்லியன்ஸ் என்றுதான் இருக்கும் என்று நினைத்துப் பலர் உள்ளேயே போவதில்லை. நடுவில் பெயரில்லாமல் 1,00,000 என்றும் 1,00,00,000 என்றும் இரண்டு இருக்கின்றன, நம் லட்சமும் கோடியும்தான். தேர்ந்தெடுத்துவிட்டு, அச்சருகே வரும் லேபிளைக் கிளிக் செய்து "கோடியில்" என்று தமிழில் திருத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறும் தெரியவில்லை, படம் அழகாக இருக்கிறது

இங்கேதான் நான் அதிகம் பயப்படுவேன். தமிழ்நாட்டு பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் 2022-இல் 93.76, 2023-இல் 94.03, 2024-இல் 94.56, 2025-இல் 95.03. காலம் சார்ட் போடுங்கள். 2025-இன் பட்டை 2022-இன் பட்டையைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். ஏறியதோ ஒன்றேகால் புள்ளி. மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் எக்செல் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. ஃபார்மட் ஆக்சிஸில் மினிமம் என்பதில் 0 தட்டுங்கள். பட்டைகள் எல்லாம் ஒரே உயரமாகத் தெரிகிறதே என்றால், நிலவரமே அதுதான். சிறு ஏற்றத்தைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் கோட்டு வரைபடத்துக்குப் போங்கள். பட்டையின் நீளத்தைத்தான் கண் அளக்கும், கோட்டில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும்.

கோட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இலங்கையின் மக்கள்தொகை, லட்சத்தில்: 1953-இல் 81, 1963-இல் 106, 1971-இல் 127, 1981-இல் 148, 2012-இல் 204. ஆண்டுகளை லேபிளாக வைத்து லைன் சார்ட் போட்டால், 1981 வரை சீராக ஏறி வந்த கோடு கடைசிக் கட்டத்தில் மட்டும் செங்குத்தாகப் பாயும். பார்ப்பவர் என்ன சொல்வார்? 1981-க்குப் பிறகு ஜனத்தொகை எகிறிவிட்டது என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1963-க்கும் 1971-க்கும் நடுவில் ஆண்டுக்கு 2.6 லட்சம் கூடியது. 1981-க்கும் 2012-க்கும் நடுவில் ஆண்டுக்கு 1.8 லட்சம்தான். படத்தில் மிகச் செங்குத்தான இடம், உண்மையில் மிக மெதுவான இடம்.

கீழே நிஜமான தேதிகள் இல்லாதவரை லைன் சார்ட்டுக்குக் கீழ் அச்சு வெறும் பெயர்ப்பலகை. எட்டு ஆண்டும் ஒரு கட்டம், முப்பத்தோரு ஆண்டும் ஒரு கட்டம். தேதி இல்லாமல், இடைவெளியும் சமமாக இல்லாத எந்த அளவுக்கும் இதே கதிதான், குழந்தையின் எடையை நினைத்தபோதெல்லாம் இத்தனையாவது வாரம் என்று குறித்துவைத்த அட்டைக்கும்கூட. சார்ட்டை வலது கிளிக் செய்து, சேஞ்ச் சார்ட் டைப்பில் ஸ்கேட்டர், அதிலும் கோடும் புள்ளியும் சேர்ந்தது. இப்போது கீழ் அச்சு எண்களை எண்களாகவே படிக்கும், 2012 தன் தூரத்தில் போய் நிற்கும், கோடு படுக்கும். அச்சின் மினிமம் 1950, மேக்ஸிமம் 2020 என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். போர்க்காலத்தில் 1991 கணக்கெடுப்பு நடக்கவேயில்லை, 2001-இல் நடந்ததும் வடக்கு, கிழக்கில் முழுமையாக இல்லை. அந்த நீளக் கோட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளிதான் இருக்கிறது, நடுவில் எதுவும் இல்லை என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.